தகுதியும் உரித்தும்: பல்கலைக்கழக அனுமதி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தகுதியுடையோர்க்கே பல்கலைக்கழகத்தில் இடமளிக்கப்படல் வேண்டும் என்னும் கூற்றை மறுப்பார் எவருமிலர். எனினும், தகுதி என்பது யாது, அதனை அளப்பது எங்ஙனம், அளந்து கண்ட தகுதி ஒருவருக்கு எத்தகைய உரித்தினை வழங்குகின்றது ஆகிய வினாக்கள் எழுந்தவுடன் அவ்வொருமைப்பாடு குலைந்துவிடுகின்றது. இலங்கையைப் பொறுத்தவரை இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய்கள் அல்ல. பொறியியற் பீடமொன்றுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரின் இல்லத்திலும் இவை ஆண்டுதோறும் எழுகின்றன. ஒரு தலைமுறையின் அரசியலையே திசைதிருப்பிய வினாக்களும் இவையே. ஆதலின், அனுமதி முறைகளின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவதோடு அமையாது, அவற்றின் அடியில் கிடக்கும் அறப்பிரச்சினையை ஆராய்வது அவசியமாகின்றது.

இரு விண்ணப்பங்கள்

ஆய்வின் பொருட்டு இரு விண்ணப்பதாரரைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஒருவன் பெருநகர் ஒன்றின் முன்னணிக் கல்லூரி மாணவன். அவனுடைய கல்லூரியில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் அனுபவம் மிக்க ஆசிரியர் உளர், ஆய்வுகூடம் உண்டு, மாலையில் தனியார் வகுப்புகள் உண்டு. வினாத்தாளை எவ்வாறு அணுகவேண்டும் என்பதனை வீட்டிலேயே எடுத்துரைக்கப் படித்த பெற்றோரும் இருக்கின்றனர். மற்றையவள் வன்னிக் கிராமமொன்றின் மாணவி. அவள் உயர்தர வகுப்பிற் சேர்ந்த முதலாண்டின் பெரும்பகுதியிற் பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை. ஆய்வுகூடம் பூட்டிய அறையாகக் கிடந்தது. மூத்த சகோதரன் ஒருவனின் பழைய குறிப்புகளே அவளுக்கு ஆசானாயின.

இருவரும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். அவன் பெற்ற பெறுபேறு அவளுடையதினும் உயர்ந்தது. ஆயின், அவனுடைய மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி மிக உயர்வாக இருந்தமையால் அவன் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகவில்லை. அவளோ மாவட்ட ஒதுக்கீட்டின்வழி தெரிவாகின்றாள். ‘‘என்னிலும் குறைந்த புள்ளி பெற்றவளுக்கு என்னுடைய இடம் கொடுக்கப்பட்டுவிட்டது’’ என்று அவன் மனங்குமுறுகின்றான். இக்குமுறலை எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. அவன் சோம்பியிருந்தவனல்லன், உறக்கம் துறந்து உழைத்தவன். அவனுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? இழைக்கப்பட்டதாயின் அதனை இழைத்தவர் யாவர்? ‘‘என்னுடைய இடம்’’ என அவன் கூறுவதில் அமைந்துள்ள அந்த உடைமைப் பொருள் எங்கிருந்து வந்தது?

அனுமதி முறையின் வரலாறு

இவ்வினாக்களுக்கு விடை காணுமுன் வரலாற்றைச் சுருங்க நோக்குதல் வேண்டும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டு, 1964இற் பேராதனைக்கு இடம்மாற்றப்பட்டது. கட்டுபெத்தையில் 1966இல் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரி 1972இற் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. விண்ணப்பித்தோர் தொகையோடு ஒப்பிடுமிடத்து இடங்கள் என்றுமே சிலவாகவே இருந்தன. எழுபதுகளின் தொடக்கம் வரை பரீட்சையிற் பெற்ற மொத்தப் புள்ளிகளே தெரிவுக்கு அடிப்படையாயின.

1971இல் இந்நிலை மாறியது. பரீட்சை எழுதிய மொழிக்கேற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளுள் சிங்கள மொழிமூல மாணவர் 227 பெற்றாற் போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டியவராயினர். இதனைத் தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. 1969இல் விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றோருள் 27.5 வீதத்தினர் வட மாகாணத்தினராயிருந்தனர். 1974இல் இது 7 வீதமாகச் சுருங்கியது. அதே காலத்தில் மேல் மாகாணத்தின் பங்கு 67 வீதத்திலிருந்து 27 வீதமாகியது.

எழுபதுகளின் இறுதியில் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட அடிப்படை மட்டும் பல மாற்றங்களுடன் நிலைத்தது. இன்று விஞ்ஞானத் துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. மாணவரை ஒப்பிடுதற்கு 2001 முதல் இசற் புள்ளி பயன்படுத்தப்பட்டு வருகின்றது.

புள்ளியின் இயல்பு

புள்ளி என்பது உயரத்தையோ நிறையையோ போன்று ஒருவரிடத்து இயல்பாகவே அமைந்த பண்பன்று. அது ஓர் ஒப்பீட்டின் விளைவு. இசற் புள்ளியின் அமைப்பே இதனைத் தெளிவுறுத்தும். ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுத்துப் பெறும் எண்ணே அப்பாடத்திற்கான இசற் புள்ளியாகும். மூன்று பாடங்களிலும் பெற்ற எண்களின் சராசரியே தெரிவினை நிர்ணயிக்கின்றது. எனவே ஒருவரின் தகுதியைக் குறிப்பதாகக் கருதப்படும் எண், அவர் எழுதிய விடைகளில் மட்டுமன்றி ஏனையோர் எழுதிய விடைகளிலும் தங்கியுள்ளது.

2011ஆம் ஆண்டின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தின்படி ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தின்படி மறுபகுதியினரும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாகக் கொண்டு இசற் புள்ளி கணிக்கப்பட்டமை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 2012இல் வழங்கப்பட்ட தீர்ப்பின்படி அது வெவ்வேறாக மீண்டும் கணிக்கப்பட்டது. விடைத்தாளில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. ஆயினும் மாணவரின் நிலைகள் மாறின.

இதனாற் புள்ளிகள் பொருளற்றவை என்பது முடிபன்று. பரீட்சை இல்லாவிடின் அவ்விடத்தைப் பணமும் சிபாரிசும் பிடித்துக்கொள்ளும் என்பதனை இந்நாட்டில் எவரும் அறிவர். வறியவரின் பிள்ளை பேராதனை செல்வதற்குப் பரீட்சையே பாலமாயிற்று. ஆயினும், பாலம் ஒன்றாயினும் அதனை அடையும் வழி எல்லோர்க்கும் ஒன்றன்று. குளத்து நீர் பாய்ந்த வயலின் விளைச்சலையும் வானம் பார்த்த மானாவாரி நிலத்தின் விளைச்சலையும் ஒரே மரைக்காலால் அளக்கலாம்; அளவு பொய்யாகாது. ஆனால், அவ்வளவினை மட்டும் கொண்டு எவ்வுழவன் சிறந்தவன் எனத் தீர்ப்பது அறியாமையாகும்.

மெய்யியலாளர் நோக்கு

பண்டைக் கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்ரோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலிற் புல்லாங்குழலை உதாரணமாகக் கொண்டு இப்பிரச்சினையை அணுகினார். நல்ல குழல்கள் நற்குடிப் பிறந்தோர்க்கோ அழகுடையோர்க்கோ உரியனவல்ல. நன்கு இசைக்க வல்லார்க்கே உரியன என்பது அவர் கருத்து. பொருளின் பயன் எதுவோ, அப்பயனை நிறைவேற்ற வல்லாரே அதற்குத் தகுதியுடையோர் என்பதே இதன் உட்கிடை. இக்கோட்பாட்டைப் பொறியியற் பீடத்துக்குப் பொருத்துவார், பாலங்கள் இடிந்து விழாதிருத்தற்குச் சிறந்த மூளைகளே தெரிவாதல் வேண்டும் என்பர்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு; ஆயினும் அது நிறுவ விரும்புவதனைத்தையும் நிறுவிவிடவில்லை. பொறியியல் கற்பதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் இன்றியமையாதது. அதற்குக் கீழ்ப்பட்டோரை அனுமதித்தல் அவர்க்கும் தீங்கு, நாட்டுக்கும் தீங்கு. அவ்வெல்லையைக் கடந்தோரிடையே தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள நான்காம் இலக்கத்தில் முந்தியவர் நல்ல பாலம் அமைப்பார், பிந்தியவர் அமைக்கார் எனக் கூற எவராலும் இயலாது. அதற்கெனப் பீடத்தில் நான்காண்டுப் படிப்பும் அதன் பரீட்சைகளும் இருக்கின்றன. அமெரிக்க மெய்யியலாளர் மைக்கல் சண்டேல் 2020இல் வெளியிட்ட நூலொன்றில், போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் தகைமையற்றோரை நீக்கியபின் எஞ்சியோரைத் திருவுளச்சீட்டின் மூலம் தெரிவுசெய்யலாம் என முன்மொழிந்தார். அவ்வாலோசனையை ஏற்காதோரும் அதிற் பொதிந்துள்ள உண்மையை மறுத்தல் அரிது. வெட்டுப்புள்ளியின் அயலில் திறமையும் தற்செயலும் பிரித்தறிய முடியாதவாறு கலந்து கிடக்கின்றன.

பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1962இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு கற்பனைச் சமுதாயத்தைக் காட்டுகின்றார். அங்கு போர்வீரர்க்கே பெருமதிப்பு. முன்னர் செல்வக் குடும்பத்தினர் மட்டுமே வீரராயினர். பின்னர் சீர்திருத்தம் வந்தது; உடல் வலிமைப் போட்டியில் வென்றோர் எவராயினும் வீரராகலாம் என்றாயிற்று. ஆயினும் வென்றோர் பழைய குடும்பத்தினரே. ஏனையோர் போதிய உணவின்றி மெலிந்தவர்களாயிருந்தனர். போட்டி நேர்மையாக நடந்தது. சமத்துவம் மட்டும் வரவில்லை. மேற்கூறிய மாணவியின் பாடசாலையிற் பூட்டிக் கிடந்த ஆய்வுகூடம் இவ்வுதாரணத்தை எவர்க்கும் விளக்கவல்லது.

இதனினும் ஆழமாகச் சென்றவர் ஜோன் றோல்ஸ். அவருடைய ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ வெளியானது 1971இல். இலங்கையில் அனுமதிமுறை மாற்றப்பட்டதும் அதே ஆண்டிலாம். பிறந்த குடும்பம் மட்டுமன்றி, பிறப்பிலமைந்த திறமையும் ஒருவர் உழைத்துத் தேடியதன்று; உழைக்கும் மனப்பான்மையே கூட வளர்ந்த சூழலாற் பெரிதும் உருவாக்கப்படுகின்றது என்பது அவர் வாதம். ஆகவே ஒரு பதவியையோ இடத்தையோ பெற்றவர் அதனை விதிகளின்படி பெற்றார் எனக் கூறலாம். பிறரினும் மேலான மனிதராதலாற் பெற்றார் எனக் கூறலாகாது. முன்னையது உரித்து; பின்னையது தகுதி. நீதியான விதிகளின்கீழ் ஒருவர் எதிர்பார்க்க நியாயமானது உரித்தாகும். அவ்விதிகளுக்கு முன்னரே ‘என்னுடையது’ என்று கூறத்தக்க இடம் எதுவும் எவர்க்கும் இல்லை.

எனவே, நகரத்து மாணவனின் குமுறலுக்கு ஒரு பகுதி விடை கிடைக்கின்றது. அவ்விடம் அவனிடமிருந்து பறிக்கப்பட்டதன்று. அது அவனுடையதாய் இருந்ததில்லை. ஆயின் இவ்விடையோடு நின்றுவிடுதல் ஆபத்தானது. எந்த அரசாங்கமும் எந்த விதியையும் இயற்றி, ‘‘இதற்கு முன் உங்களுக்கு எவ்வுரித்தும் இல்லை’’ என்று கூறிவிட இதனால் இடமேற்படும். ஆதலால் விதிகளையே அளக்கும் உரைகல் ஒன்று தேவை.

முகம் நோக்கிக் கூறத்தக்க காரணம்

அவ்வுரைகல் பின்வருமாறு அமையலாம்: ஒரு விதியினால் விலக்கப்பட்டவரின் முகத்தை நேரே நோக்கி, அவரை அவமதியாத ஒரு காரணத்தைக் கூற இயலுமாயின் அவ்விதி நியாயமானது, இயலாதாயின் அது நியாயமற்றது. அவர் அக்காரணத்தை விரும்பவேண்டும் என்பதில்லை. தம்மையும் ஒரு சமமான பிரசையாக மதித்துக் கூறப்பட்ட காரணம் என்று அவர் உணரக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

1971இன் முறையை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். மன்னாரின் வசதியற்ற பாடசாலையிலிருந்து 240 புள்ளி பெற்ற ஒரு மாணவனுக்கு இடமில்லை எனவும், கொழும்பின் புகழ்மிக்க கல்லூரியிலிருந்து 230 புள்ளி பெற்ற இன்னொருவனுக்கு இடமுண்டு எனவும் அவ்விதி கூறத்தக்கதாயிருந்தது. முன்னவனுக்குக் கூறத்தக்க காரணம் யாது? அவன் வசதி மிக்கவன் என்று கூற முடியாது. ‘‘நீ விடை எழுதிய மொழி இது’’ என்பதே எஞ்சும் விடை. மொழிமூலம் வசதியின் அளவுகோலன்று; அது அவனுடைய சமுதாயத்தின் அடையாளம். அவ்விதி அவனை ஒரு மாணவனாக நோக்கவில்லை. ஓர் இனத்தின் எண்ணிக்கையில் ஒன்றாக நோக்கியது. இழந்த இடங்களினும் அவ்வவமதிப்பே ஆழமாகப் பதிந்தது. அதன் விளைவுகளை நாடு பல தசாப்தங்களாக அனுபவித்தது.

மாவட்ட ஒதுக்கீட்டின் நிலை வேறு. ‘‘உனக்குக் கிடைத்த ஆசிரியர் அவளுக்குக் கிடைக்கவில்லை, அக்குறையை நாடு உண்டாக்கியது, நாடே அதில் ஒரு பகுதியை ஈடுசெய்ய முனைகின்றது’’ என்று நகரத்து மாணவனை நோக்கிக் கூறலாம். அது கசப்பான காரணமாயினும் காரணமே. தமிழ்ச் சமுதாயம் இவ்விடத்துத் தன்னையும் ஆராய்ந்துகொள்ளல் வேண்டும். 1969இன் உயர்ந்த வீதத்தைப் பொற்காலமாக எண்ணுவோர், அவ்வெண்ணிக்கையில் முல்லைத்தீவு எத்துணை, மலையகத் தோட்டங்கள் எத்துணை என வினவுவதில்லை. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளிலேதான் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. லயத்து அறையிலிருந்து பொறியியற் பீடத்துக்குச் செல்லும் வழி அன்று எத்துணை நீண்டதாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். மொழிவாரித் தரப்படுத்தலை எதிர்த்த நாவினாலேயே மாவட்ட ஒதுக்கீட்டையும் அதே அநீதியெனக் கூறுவது, பெரிய கல்லூரிகளின் இழப்பை முழுச் சமுதாயத்தின் இழப்பாகக் காட்டுவதாய் முடியக்கூடும்.

எனினும் மாவட்டம் என்னும் அளவுகோல் மிகப் பரும்படியானது என்பதை மறைத்தலாகாது. முகத்துவாரத்துக் கடற்றொழிலாளியின் மகனும் கறுவாத்தோட்டத்து வர்த்தகரின் மகனும் கொழும்பு மாவட்டத்தினரே. யாழ் நகரமும் தீவகத்தின் ஒதுங்கிய ஊர்களும் ஒரே மாவட்டமே. நுவரெலியா நகரத்து வசதியான குடும்பமொன்றின் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளையின் பெயரால் வந்த சலுகையைப் பெறுகின்றது. முகத்துவாரத்து மகனின் முகத்தை நோக்கிக் கூறத்தக்க காரணம் இவ்விதியிடம் இல்லை. குடும்ப வருமானம், பாடசாலையின் தரம் ஆகியவற்றை நோக்கி விதியை நுணுக்கமாக்குவதே இதற்குப் பரிகாரமாகும், விதியை ஒழிப்பதன்று.

விதியின் உள்ளும் அறத்தின் வெளியும்

இங்கு இன்னொரு சிக்கல் எழுகின்றது. ஒரு தந்தை, தம் மகன் நன்கு கற்பவனாயினும் நகர மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை எட்டுவானோ என அஞ்சுகின்றார். பின்தங்கிய மாவட்டமொன்றிலுள்ள பாடசாலையில், விதி வேண்டும் காலத்துக்கு முன்னரே, அவனைச் சேர்த்துவிடுகின்றார். அங்கு ஒரு முகவரியும் ஏற்படுகின்றது. வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் மகன் நகரத்துத் தனியார் வகுப்புகளுக்குச் செல்கின்றான். பெறுபேறு வருகின்றது, மகன் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகின்றான். தந்தை சட்டத்தை மீறவில்லை. அவர் செய்தது தவறா?

அவர் தரப்பிற் கூறத்தக்கன பல. பிள்ளையின் எதிர்காலத்துக்காக முயல்வது பெற்றோரின் கடமை. விதியை இயற்றியவர் அவரல்லர். நல்ல பாடசாலைக்கு அருகே வீடு வாங்குவோரை உலகம் தூற்றுவதில்லை. நல்ல வெட்டுப்புள்ளிக்கு அருகே வீடு எடுப்போரைத் தூற்றுவது ஏன்?

ஆயினும் முன்கூறிய உரைகல் இவரிடமும் செல்லுபடியாகும். ஒதுக்கீட்டின் கடைசி இடத்தை அவருடைய மகன் பெற, அதே ஊரில் ஆசிரியரின்றிக் கற்ற மாணவி அதனை இழக்கின்றாள் எனக் கொள்வோம். அவள் முகம் நோக்கி அவர் கூறத்தக்கது யாது? ‘‘விதி இடந்தந்தது’’ என்பதைத் தவிர வேறில்லை. அவ்விடம் ஒதுக்கப்பட்டமைக்குக் காரணமான குறைவை அவர் மகன் அனுபவிக்கவில்லை. குறைவுக்கான ஈட்டை மட்டும் பெற்றான். சட்டப்படியான உரித்து அவனுக்கு உண்டு. அவ்வுரித்தின் உயிராகிய காரணம் அவனிடம் இல்லை. தம் மாவட்டத்து விதி தமக்கு அநீதியென அவர் கருதுவாராயின், அவர் வழக்கு அரசோடு. தம்மிலும் மெலிந்த ஒருத்தியோடன்று. போரினால் இடம்பெயர்ந்து வன்னியிலோ வவுனியாவிலோ தங்கிய குடும்பங்களை இவரோடு ஒப்பிடுதல் தகாது. அவர்கள் முகவரியை மட்டுமன்றி அம்மண்ணின் குறைகளையும் பகிர்ந்துகொண்டவர்கள். ஆகவே வேறுபாடு இடத்திலன்று; பகிர்ந்த வாழ்விலேயே உள்ளது.

விதிகள் எத்துணை நுணுக்கமாயினும் அவற்றில் இடைவெளி இருக்கவே செய்யும். அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியது விண்ணப்பதாரரின் மனச்சாட்சியே. விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிடும் கை ஒரு பரீட்சார்த்தியின் கை மட்டுமன்று. ஒரு பிரசையின் கையுமாகும்.

முடிவுரை

பொறியியற் பீடங்கள் பெருகியுள்ளன. உறுகுணை, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும், 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இன்று பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. இது வரவேற்கத்தக்கது. எனினும் இடங்கள் பெருகினும் போட்டி முற்றாக மறையப்போவதில்லை. எந்தப் பீடம், எந்தத் துறை என்னும் வடிவில் அது தொடரும். எனவே தெரிவானவரும் தெரிவாகாதவரும் தம் நிலையை எவ்வாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பதே இறுதி வினாவாகின்றது.

தெரிவானவர் தமது உழைப்பை மறுக்கவேண்டியதில்லை. உழைத்தது உண்மை. ஆனால் அவ்வுழைப்பு முளைத்த மண் அவர் உண்டாக்கியதன்று. 1945இல் வந்த இலவசக் கல்வியின் செலவைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கரைவலை இழுக்கும் தொழிலாளியும், தெரிவாகாத மாணவனின் பெற்றோரும் சேர்ந்தே சுமக்கின்றனர். ஆகவே அவ்விடம் வெற்றிப் பரிசன்று. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பொறியியலாளராகி வெளிநாடு செல்வதா, இங்கேயே நிற்பதா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். பொறுப்பு எதுவும் இல்லை என்று தீர்மானிக்க மட்டும் எவர்க்கும் உரித்தில்லை.

தெரிவாகாத மாணவனுக்குக் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. வெட்டுப்புள்ளி ஒரு பங்கீட்டின் எல்லைக்கோடு. அது மனிதனின் பெறுமதியை எழுதிய தீர்ப்பன்று. அவ்வாண்டின் இடங்களின் தொகையையும், பிறர் எழுதிய விடைகளையும், நாட்டின் பழைய குறைகளையும் சேர்த்து வரையப்பட்ட கோடு அது. அக்கோட்டின் இப்புறத்தில் நிற்பதால் அவன் குறைந்தவனாகிவிடவில்லை. அப்புறம் சென்றதால் வன்னி மாணவி அவனிடம் எதனையும் களவாடிவிடவும் இல்லை. அவன் குமுறல் நியாயமானதே. ஆனால் அது திரும்பவேண்டிய திசை வேறு. அவளுடைய பாடசாலையில் ஓராண்டாக ஆசிரியர் இல்லாதிருந்தமையை நோக்கியே அது திரும்புதல் வேண்டும். அந்த ஆய்வுகூடம் திறக்கப்பட்டிருக்குமாயின் ஒதுக்கீட்டுக்கே தேவை குறைந்திருக்கும்; இருவரும் ஒரே வரிசையில் நின்று விண்ணப்பித்திருப்பர்.